பெரிய 'ஏ' வேறு, சின்ன 'ஏ' வேறாம்!

ஒன்றாம் வகுப்பில் பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி என்று இரண்டு தடவை எழுத வைப்பார்கள். எழுதி முடித்ததும் "ரெண்டும் ஒண்ணுதான், உருவம்தான் வேற" என்று டீச்சர் சொல்லிவிடுவார். விஷயம் அத்தோடு முடிந்தது. ஆனால் கோடிக்கணக்கில் வரவு செலவு பார்க்கிற கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு இந்தப் பாடம் இன்னும் நடத்தப்படவே இல்லை. அங்கே பெரிய 'ஏ' வேறு, சின்ன 'ஏ' வேறு. இதனால் நிஜமாகவே பணம் போகிறது. யார் தப்பு என்று கேட்டால், கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கிளார்க்கை எல்லோரும் கை காட்டுகிறார்கள். அது அநியாயம்.

இங்கே பேச்சு ஐ.பி.எம்.மின் ஏ.எஸ்./400 பற்றி. மெயின்ஃபிரேம் அளவுக்குப் பெரிதும் இல்லை, மேசைக் கம்ப்யூட்டர் மாதிரிச் சின்னதும் இல்லை. நடுத்தர ரகம். 1988 ஜூனில் அறிமுகமானது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் உருவானது. 2000-ல் ஐசீரிஸ் ஆனது, 2006-ல் சிஸ்டம் ஐ ஆனது, 2008-ல் இருந்து ஐ.பி.எம். ஐ. பெயரைத்தான் மாற்றினார்களே தவிர, பழைய ஆட்கள் வாயில் இன்னமும் ஏ.எஸ்./400 தான். மொத்த வியாபாரிகள், தொழிற்சாலைகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், வங்கிகள் என்று இதை நம்பி ஓடும் இடங்கள் நிறைய. இதன் பெரிய பலம், டேட்டாபேஸ் என்பது தனியாக வாங்கி ஏற்றுகிற சமாச்சாரம் இல்லை, இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்படிப்பட்ட மெஷினில் ஒரு பெயரைத் தேடுவதில் என்ன சிக்கல் வந்துவிடப்போகிறது?

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் அடிக்கிறது. கூப்பிடுகிறவர் பெயர் மெக்கே. ஆங்கிலத்தில் முறைப்படி எழுதினால் 'எம்' பெரியது, 'சி' சின்னது, 'கே' மறுபடி பெரியது. அவர் போன மாதம் கடையின் இணையதளத்தில் தன் பெயரை அப்படித்தான் அழகாகப் பதிந்து கணக்குத் தொடங்கியிருக்கிறார். கிளார்க்கோ வழக்கம்போல எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தட்டித் தேடுகிறார். "அப்படி யாரும் இல்லை" என்கிறது திரை. அந்தப் பக்கம் மெக்கே காத்துக்கொண்டிருக்கிறார், இந்தப் பக்கம் இன்னும் இரண்டு லைன் மின்னிக்கொண்டிருக்கிறது. கிளார்க் என்ன செய்வார்? புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து ஆர்டரைப் போட்டுவிடுவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

இனி பி.காம். பாடம். மெக்கேக்குக் கடன் வரம்பு 20,000 டாலர். இப்போது இரண்டு லெட்ஜர் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 20,000. முதலாவதில் 18,000 பாக்கி, இரண்டாவதில் 17,000 பாக்கி. இரண்டுமே வரம்புக்குள் இருப்பதால் எந்த ரிப்போர்ட்டிலும் சிவப்பு விளக்கு எரியாது. ஆனால் ஒரே மனிதர் 35,000 டாலர் தர வேண்டியிருக்கிறது. அவர் கடை மூடினால் அப்போதுதான் இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று தெரியவரும். அதற்கு முன்னாலேயே வேறு கூத்துகள் நடக்கும். அவர் அனுப்பிய செக் ஒரு கணக்கில் வரவாகும், இன்வாய்ஸ் இன்னொரு கணக்கில் நிற்கும். பணம் கட்டியவருக்கே "பாக்கியைக் கட்டு" என்று கடிதம் போகும். கடனாளிகள் வயதுப் பட்டியலில் 90 நாளைத் தாண்டிய தொகை ஒன்று பொய்யாக உட்கார்ந்திருக்கும். அதை வைத்து வாராக்கடன் ஒதுக்கீடு போடுவார்கள். லாப நஷ்டக் கணக்கு வரைக்கும் போய்விட்டதா இல்லையா? ஆரம்பம் ஒரு சின்ன 'சி'!

கொள்முதல் பக்கம் இதைவிட மோசம். சப்ளையர் அனுப்பிய இன்வாய்ஸ் எண் ஏ1207. திரையில் பெரிய 'ஏ' போட்டுப் பதிந்து, பணமும் கொடுத்தாயிற்று. அதே இன்வாய்ஸின் இன்னொரு நகல் மெயிலில் வருகிறது. யாரோ அதை எக்செல் தாளில் சின்ன 'ஏ' போட்டு ஏற்றுகிறார்கள். ஒரே இன்வாய்ஸ் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று சோதிக்கும் புரோகிராம் இருக்கத்தான் செய்கிறது. அது தேடிப் பார்த்துவிட்டு "இல்லை, இது புதுசு" என்கிறது. ஒரே சரக்குக்கு இரண்டு தடவை பணம். கட்டுப்பாடு இருக்கிறது என்று நிர்வாகமும் நம்புகிறது, ஆடிட்டரும் நம்புகிறார். கட்டுப்பாடே இல்லாத கம்பெனியில் பயமாவது இருக்கும்.

ஏன் இப்படி? கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஐ.பி.எம். மெஷின்கள் பயன்படுத்துவது எப்சிடிக் என்ற பழைய எண் முறை, 1960-களில் வந்தது. அதில் பெரிய 'ஏ' 193, சின்ன 'ஏ' 129. மேசைக் கம்ப்யூட்டர்களில் பழகிய ஆஸ்கி முறையில் பெரிய 'ஏ' 65, சின்ன 'ஏ' 97. கவனித்தீர்களா, இங்கே பெரியது முதலில், அங்கே சின்னது முதலில்! எப்சிடிக்கில் சின்ன எழுத்துகள், பிறகு பெரிய எழுத்துகள், எல்லாவற்றுக்கும் கடைசியாக இலக்கங்கள். ஆஸ்கியில் இலக்கங்கள்தான் முதல். அதனால் ஏ.எஸ்./400-ல் வெறும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால், சின்ன 'டி'யில் தொடங்கும் டி சூசா, பெரிய 'ஏ'யில் தொடங்கும் ஆடம்ஸுக்கு முன்னால் வந்து நிற்பார். அகர வரிசைப் பட்டியலில் 'டி' இருக்க வேண்டிய பக்கத்தில் தேடுகிறவர், இப்படி ஒரு வாடிக்கையாளரே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

இத்தனை வருஷம் இது ஏன் பெரிதாக வெடிக்கவில்லை என்ற கேள்வி வரும். பதில் சுவாரசியமானது. துளை அட்டைக் காலத்து இயந்திரங்களில் பெரும்பாலும் பெரிய எழுத்து மட்டும்தான். பிறகு வந்த பச்சைத் திரைகளில் சின்ன எழுத்தும் தட்டலாம். ஆனால் திரையை வடிவமைக்கும் புரோகிராமர் "இந்த இடத்தில் சின்ன எழுத்தையும் ஏற்றுக்கொள்" என்று தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும். எழுதாவிட்டால் தட்டியது எதுவானாலும் பெரிய எழுத்தாக மாறித்தான் உள்ளே போகும். ஆக, முன்பு யாரும் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. கதவு ஒன்றுதான் இருந்தது, அந்தக் கதவில் எல்லோரையும் ஒரே அளவுக்கு வெட்டி அனுப்பினார்கள், அவ்வளவே.

1990-களின் கடைசியில் இருந்து கதவுகள் பெருகின. இணையதளம் ஒரு கதவு. ஓ.டி.பி.சி. வழியாக எக்செல் ஒரு கதவு. வேறு கம்பெனியை வாங்கும்போது அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே கொட்டுவது ஒரு கதவு. இந்தக் கதவுகளில் எழுத்தைப் பெரிதாக்கும் காவல்காரர் யாரும் இல்லை. மூல ஃபைலில் பாதி பெரிய எழுத்து, பாதி கலந்த எழுத்து. தேடும் புரோகிராம்கள் மட்டும் ஒற்றைக் கதவுக் காலத்து நம்பிக்கையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு மூன்று வைத்தியம் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிச் சேமித்துவிடு என்பது ஒன்று. எளிமையானதுதான், ஆனால் திரும்பிப் போக வழியில்லாதது. மெக்கேயின் பெயரில் எந்த எழுத்து சின்னது என்ற தகவல் அழிந்துபோனது போனதுதான். அவருக்குப் போகும் கடிதம் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். இணையத்தில் எல்லாம் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாக அர்த்தம் என்பது தெரிந்ததுதானே? பணம் கொடுக்கிற வாடிக்கையாளரைப் பார்த்துக் கத்துவது என்ன வியாபாரமோ!

இரண்டாவது, புரோகிராமர்களுக்குப் பிடித்தது. சேமிப்பதை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு எஸ்.க்யூ.எல். கேள்வியிலும் இரண்டு பக்கத்தையும் 'அப்பர்' என்கிற ஃபங்ஷனுக்குள் போட்டுப் பெரிதாக்கி ஒப்பிடுவது. எஸ்.க்யூ.எல். புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே பழைய ஆட்கள் இதே வேலையை 'ஓபன் க்வொரி ஃபைல்' கட்டளையில், சின்ன எழுத்தைப் பெரிதாக்கும் ஒரு மாற்று அட்டவணையை வைத்துச் செய்தார்கள். வேலை செய்யும். ஆனால் ஒரு கம்பெனியில் நூற்றுக்கணக்கான கேள்விகள் இருக்கும், அத்தனையிலும் மறக்காமல் எழுத வேண்டும். ஒன்றில் மறந்தாலும் அந்த ஒன்றில்தான் இன்வாய்ஸ் வந்து விழும். அதோடு வேகமும் போகும். பெயர் மேல் போட்டு வைத்த சாதாரண இன்டெக்ஸ், பெரிதாக்கிய பெயருக்கு உதவாது. லட்சக்கணக்கான வரிகளை முதலில் இருந்து கடைசி வரை படித்துத்தான் பதில் வரும். 2008-ல் வந்த 6.1 பதிப்பில் இருந்து, பெரிதாக்கிய பெயரையே சாவியாக வைத்து இன்டெக்ஸ் போடலாம். அதனால் வேகப் பிரச்சினை தீர்ந்தது. மறதிப் பிரச்சினை தீரவில்லை.

மூன்றாவதுதான் சரியானது, அதுதான் குறைவாகப் பேசப்படுகிறது. இந்த மெஷினில் 'சார்ட் சீக்வென்ஸ்' என்று ஒன்று 1990-களிலேயே வந்துவிட்டது. எழுத்துகளை எண்ணாகப் பார்க்காமல், மொழிக்கு ஏற்றபடி ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்து அந்த எடையை ஒப்பிடுவது. இதில் இரண்டு வகை. தனித்த எடை என்றால் பெரிய 'ஏ'யும் சின்ன 'ஏ'யும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஆனால் வேறு வேறு. பகிர்ந்த எடை என்றால் இரண்டுக்கும் ஒரே எடை, எனவே இரண்டும் சமம். டீச்சர் சொன்னது இதைத்தான். கேள்வியை மாற்ற வேண்டாம், சேமித்ததைத் தொட வேண்டாம். மெக்கே எப்படி எழுதினாலும் மெக்கேயாகக் கிடைப்பார். இன்வாய்ஸ் எண்ணுக்குப் பகிர்ந்த எடையில் ஒரு யுனிக் இன்டெக்ஸ் போட்டு வைத்தால், சின்ன 'ஏ' போட்ட 1207-ஐ டேட்டாபேஸே உள்ளே விடாது. புரோகிராமர் மறந்தாலும் விடாது, எக்செல் வழியாக வந்தாலும் விடாது.

வசதி இருக்கிறது, காசும் கேட்கவில்லை. பிறகு ஏன் பல இடங்களில் பயன்படவில்லை? சிஸ்டத்தின் ஆரம்ப அமைப்பு 'ஹெக்ஸ்', அதாவது வெறும் எண்ணைப் பார். யாரும் வாய் திறக்காவிட்டால் அதுதான் நடக்கும். மாற்றுவதற்கோ இடங்கள் ஏராளம்: சிஸ்டம் முழுவதற்கும் ஒன்று, யூசர் புரொஃபைலில் ஒன்று, ஜாபில் ஒன்று, எஸ்.க்யூ.எல். திரையில் ஒன்று, ஓ.டி.பி.சி. இணைப்பில் ஒன்று, இன்டெக்ஸ் உருவாக்கும்போது ஒன்று. ஆளுக்கொரு இடத்தில் ஆளுக்கொரு மாதிரி வைத்தால் என்ன ஆகும்? அக்கவுன்ட்ஸ் மேனேஜர் எக்செல்லில் ஒரு கேள்வி கேட்பார், 43 வரி வரும். அதே கேள்வியைக் கிளார்க் பச்சைத் திரையில் கேட்பார், 41 வரி வரும். இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

ஆகவே இது தொழில்நுட்பக் கேள்வி இல்லை, நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. "எங்கள் கம்பெனியில் வாடிக்கையாளர் பெயர், சப்ளையர் பெயர், இன்வாய்ஸ் எண் மூன்றிலும் எழுத்தின் அளவு பொருட்டில்லை" என்று கணக்குத் துறை ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ஒரு தடவை டேட்டாபேஸில் செய்துவைக்க வேண்டும். கடன் வரம்பு எவ்வளவு என்பதைப் புரோகிராமர் முடிவு செய்வதில்லையே. மெக்கே ஒருவரா இருவரா என்பதை மட்டும் ஏன் அவரிடம் விட வேண்டும்?

எதிர்வாதம் செய்கிறவர்கள் இரண்டு வகை. "கிளார்க்குகளுக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுங்கள், சரியாகத் தட்டினால் சரியாக வரும்" என்பவர்கள் ஒரு வகை. இவர்களிடம் ஒன்று கேட்கலாம். இதே ஏ.எஸ்./400-ல் புரோகிராமர் ஒரு கட்டளையைச் சின்ன எழுத்தில் தட்டினால் மெஷின் முகம் சுளிக்கிறதா? இல்லை, பேசாமல் வேலையைச் செய்கிறது. எஸ்.க்யூ.எல்.லில் டேபிள் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதினாலும் புரிந்துகொள்கிறது, மேற்கோள் குறி போடாத வரை. புரோகிராமர் தட்டுவதற்கு இல்லாத கண்டிப்பு, கிளார்க் தட்டுவதற்கு மட்டும் எதற்கு? செய்தவர்கள் தங்கள் விரலுக்கு வேண்டிய சௌகரியத்தைச் செய்துகொண்டார்கள், அடுத்தவர் விரலுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள்.

இன்னொரு வகையினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. "எல்லா இடத்திலும் பெரியதும் சின்னதும் ஒன்றில்லை" என்கிறார்கள். உண்மை. அளவைக் குறியீட்டில் சின்ன 'எம்' மில்லி, பெரிய 'எம்' மெகா. மருந்துக் கம்பெனியிலோ மின்சாதனக் கம்பெனியிலோ இதைக் குழப்பினால் பேராபத்து. சிஸ்டம் முழுவதற்கும் ஒரே ராத்திரியில் பகிர்ந்த எடையை மாற்றிவைப்பது முட்டாள்தனம். குழுவாகக் கூட்டும் கேள்விகளில் மெக்கேயின் இரண்டு வடிவமும் ஒன்றாகி, எந்த வடிவம் திரையில் தெரியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகும். பழைய இன்டெக்ஸ்கள் ஹெக்ஸில் கட்டியவை, பகிர்ந்த எடையில் கேட்கும் கேள்விக்கு அவை பயன்படாது, எனவே புதிதாகக் கட்டும் வரை எல்லாம் ஊர்ந்துதான் போகும். ஆர்.பி.ஜி. புரோகிராமுக்குள் இரண்டு பெயர்களை ஒப்பிடும் வரி, தனியாகச் சொல்லாவிட்டால் பழையபடி எண்ணைத்தான் பார்க்கும். இவ்வளவும் கவனித்துச் செய்ய வேண்டிய வேலைதான். கவனித்துச் செய்ய வேண்டும் என்பது செய்யாமலே இருப்பதற்குக் காரணம் ஆகாது.

மற்ற டேட்டாபேஸ்கள் என்ன செய்கின்றன? மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரும் மையெஸ்க்யூஎல்லும் சாதாரணமாக நிறுவினால் எழுத்தின் அளவைப் பொருட்படுத்துவதில்லை. ஆரக்கிளும் போஸ்ட்கிரஸும் பொருட்படுத்தும். இதுதான் சரி என்று உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதனால்தான் ஒவ்வொரு கம்பெனியும் தானே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மொழி விவகாரம் வேறு இருக்கிறது. துருக்கி மொழியில் புள்ளி வைத்த 'ஐ', புள்ளி இல்லாத 'ஐ' என்று இரண்டு தனி எழுத்துகள். புள்ளி வைத்த சின்ன 'ஐ'யைப் பெரிதாக்கினால் பெரியதிலும் புள்ளி இருக்க வேண்டும். ஆங்கிலக் கணக்கில் பெரிதாக்கினால் அது வேறு எழுத்தாகிவிடும். எடை முறையில் மொழியையும் சேர்த்துச் சொல்லிவிடுவதால் இந்த மாதிரி விஷயத்தில் அதுதான் கைகொடுக்கும். தமிழுக்குப் பெரியது சின்னது என்ற தொல்லையே கிடையாது என்று சந்தோஷப்பட்டுவிட முடியாது. 'ஔ' என்ற ஒற்றை எழுத்தும், 'ஒ'வுக்குப் பக்கத்தில் 'ள' போட்டதும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஒளவையார் என்று தட்டி வைத்தவரை ஔவையார் என்று தேடினால் கிடைக்கமாட்டார் :-)

சரி, முடிவெடுத்தாயிற்று, இனி வருவது ஒழுங்காக வரும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் இரட்டைக் கணக்குகளை என்ன செய்வது? கண்டுபிடிப்பது சுலபம். பெயரைப் பெரிதாக்கி, குழுவாக்கி, ஒன்றுக்கு மேல் இருப்பவற்றைக் காட்டு என்று ஒரே ஒரு எஸ்.க்யூ.எல். போதும். இந்த ஒரு தடவை மட்டும் அந்த இரண்டாவது வைத்தியத்தை மன்னிக்கலாம். பட்டியல் வந்ததும் "ஒரே பெயர்தானே, எல்லாவற்றையும் சேர்த்துவிடு" என்று இன்னொரு புரோகிராமை ஓடவிடக் கூடாது. மெக்கே என்ற பெயரில் நிஜமாகவே இரண்டு பேர் இருக்கலாம். முகவரி, வரி எண், போன் எண்ணைப் பார்த்து ஓர் ஆள்தான் முடிவு செய்ய வேண்டும், அநேகமாக அந்தக் கிளார்க்கேதான், போனில் அவர்கள் குரலைக் கேட்டிருப்பவர் அவர் மட்டும்தானே. சேர்க்கும்போது மிச்சமாகும் கணக்கை அழிக்காமல், பாக்கியை ஜர்னல் என்ட்ரி போட்டு மாற்றிவிட்டு, "செயலில் இல்லை" என்று குறித்து வைக்க வேண்டும். பழைய இன்வாய்ஸ்கள் அந்தக் கணக்கு எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கும், அடுத்த ஆடிட்டில் அவற்றைக் கேட்பார்கள்.